மூன்றாவதும் பெண் என்றால் யாரைக் கேட்பது?

தாயின் முட்டை வழமையாக எக்ஸ் நிறமூர்த்தத்தை (குரோமோசோமை) மட்டும்தான் கொடுக்கும், பிள்ளை பெண்ணாக எக்ஸா, ஆணாக வையா என்பது தகப்பனின் விந்தணுவைப் பொறுத்தது. ஆனால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் மூன்றாவதும் பொம்பளப் பிள்ளை என்றால் மாமியார் முறைப்பது மருமகளைத்தான், நாள் முழுக்க கொழுந்து பறித்து வருகிறவளுக்கு இது வேறு. மகனை முறைக்கட்டுமே! (அவனும் வேண்டுமென்று செய்யவில்லை, அது தனிக்கதை.)

சரி, வை வந்தால் மட்டும் போதுமா? அதில் எஸ்ஆர்வை என்றொரு மரபணு, 1990இல் லண்டனில் கண்டுபிடித்தது, கரு ஆறேழு வாரமாக இருக்கும்போது அது வேலை செய்தால்தான் விரைகள் உருவாகும், அப்புறம் அவை சுரக்கும் ஹோர்மோன்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அபூர்வமாக அந்த மரபணு எக்ஸில் ஒட்டிக்கொண்டால் எக்ஸ்எக்ஸ் உள்ளவரும் ஆணுடலோடு பிறக்கலாம். வை இருந்தும் அந்த மரபணு பழுதானால் பெண்ணுடல் வளரலாம்.