செருப்புப் பலகையும் இடக்கை அகரமும்

பழைய மாணவர் மலர்க் குழுவினர் நம் மாலைப் பள்ளியைப் பற்றி எழுதச் சொன்னதும், திருக்குறள் ஒப்பித்ததையும் நவராத்திரி நாடகத்தையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள் என்று தோன்றியது. எனக்கு எழுத ஆசை வந்தது நாம் அடித்த கூத்துகளைப் பற்றித்தான். இன்னும் சொன்னால், அந்தக் கூத்துகளைப் பொறுத்துக்கொண்ட, பர்மாவில் உள்ள நம் மோல்மேன் ஊர்ப் பெரியவர்களைப் பற்றி. நான் இங்கேயே தங்கிவிட்டவன். அவர்களில் பலரைக் கடைசி வரை பார்த்தவன். அவர்களுக்காக நாலு வார்த்தை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

பகலில் அரசுப் பள்ளியில் பர்மிய மொழி, மாலையில் கோவில் மண்டபத்தில் தமிழ், இதுதான் நம் படிப்பு. வாத்தியார் பகல் முழுக்க அரிசி ஆலையில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் சம்பளம் வாங்காமல் நமக்கு அகரம் சொல்லிக்கொடுத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிலு தீவில் செய்த கறுப்புச் சிலேட்டுதான் எல்லார் கையிலும்.

1970 டிசம்பரில் நாடு முழுவதும் வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. பெரியவர்கள் பல நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதை அரைகுறையாகக் கேட்ட நம் வகுப்புச் சிறுவன் ஒருவன் (பெயர் வேண்டாம், இன்று மெல்போர்னில் பேரன் பேத்தியோடு இருக்கிறான்) மறுநாள் மாலை இடக்கையில் பலப்பத்தைப் பிடித்து எழுத ஆரம்பித்தான். 'அ' குப்புற விழுந்து கிடந்தது, 'ஆ' அதன் மேல் ஏறிப் படுத்திருந்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

"என்னடா இது?" என்றார் வாத்தியார்.

"கவர்மெண்ட் மாத்தச் சொல்லியாச்சு ஐயா. ரேடியோவில சொன்னாங்க."

வாத்தியார் சிரிக்கவில்லை. "சரி, உத்தரவு வந்துவிட்டதென்றால் எழுதித்தான் ஆகவேண்டும்" என்று சொல்லி, அன்று மாலை முழுக்க அவனை இடக்கையாலேயே எழுதவிட்டார். வகுப்பு முடிந்ததும் அருகில் அழைத்து, வண்டிக்குத்தான் இந்த மாற்றம், கைக்கு இல்லை என்று காதோடு சொல்லி அனுப்பினார். அந்தச் சிலேட்டை மட்டும் அழிக்கவிடாமல் வாங்கி அலமாரி மேல் வைத்துக்கொண்டார். மழைக்காலம் வரும்வரை அது அங்கேயே இருந்தது. ஒரு பிள்ளையின் மானத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று அன்று அவரிடம்தான் பார்த்தேன்.

அப்புறம் நம் போக்குவரத்துச் சேவை. பேருந்துகள் வலப்பக்கம் ஓடத் தொடங்கினாலும் படிக்கட்டு பழையபடி இடப்பக்கமே இருந்ததால், ஆட்கள் நடுரோட்டில் இறங்க வேண்டியிருந்தது. நாம் திருவிழாவில் வாங்கிய ஊதலை வாயில் வைத்துக்கொண்டு, இறங்குகிறவர்களைக் கைபிடித்து ஓரம் சேர்க்கக் கிளம்பினோம். ரோட்டைக் கடக்கவே நினைக்காத ஒரு பர்மியப் பாட்டியைக் கூட எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டோம். பாட்டி ஒன்றும் சொல்லாமல், கூடையிலிருந்து ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, நாங்கள் போன பிறகு திரும்பி வந்தார்.

பர்மிய மாதமான தசவுங்மோனின் பௌர்ணமியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மெசலி மரத்து மொட்டைக் கசக்கக் கசக்கச் சாப்பிட்டுவிட்டு, காக்கை விழிக்கும் முன் ஊரில் உள்ள சாமான்களை இடம் மாற்றி வைப்பது பர்மியரின் பழைய வழக்கம். யாரும் கோபப்படக் கூடாது, காலையில் தேடி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளைகளின் குறும்புக்கென்று வருடத்தில் ஓர் இரவை ஒதுக்கிவைத்த ஊரை இதற்காகவே நான் பெரிதும் மதிக்கிறேன். சில வருடங்களில் நம் கார்த்திகை தீபமும் அதே பௌர்ணமியில் வந்துவிடும். அப்படி ஒரு வருடம், விளக்குகள் அணைந்த பிறகு, கோவில் வாசலில் இருந்த 'செருப்பை இங்கே கழற்றவும்' பலகையை நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் எதிர்த்தெரு டீக்கடை வாசலில் மாட்டினோம். தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதிய பலகை அது.

விடியற்காலையில் கடைக்கு வந்தவர்கள் பலகையைப் படித்தார்கள். இந்த நாட்டில் செருப்பைக் கழற்று என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வரிசையாகக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒரு போலீஸ்காரர் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கவே நெடுநேரம் எடுத்துக்கொண்டார். நாங்கள் கோவில் மதிலுக்குப் பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம். டீக்கடைக்காரருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் தரை சுத்தமாக இருக்கிறது, ஒரு வாரம் இருக்கட்டும் என்று கோவில் தர்மகர்த்தாவிடம் அனுமதி வாங்கி, பலகையை அங்கேயே விட்டுவைத்தார். எட்டாம் நாள் தானே தோளில் சுமந்து வந்து திருப்பி மாட்டினார்.

பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரைப் பிறப்பும் ஒட்டி ஒட்டி வரும். புதுச் சட்டையோடு கோவிலுக்குக் கிளம்பி, தெருமுனை தாண்டுவதற்குள் சொட்டச் சொட்ட நனைந்துதான் சாமி கும்பிட்டிருக்கிறோம். தெருவே கூடி மொங் லோன் யே போ செய்யும். அரிசிமாவு உருண்டைக்குள் ஒரு துண்டு பனைவெல்லம் வைத்துக் கொதிநீரில் போட்டால், வெந்ததும் மேலே மிதந்து வரும். அரித்தெடுத்துத் தேங்காய்த் துருவல் தூவுவார்கள். சிலவற்றில் வெல்லத்துக்குப் பதில் மிளகாயை ஒளித்துவைப்பதும் வழக்கம்தான். நாம் அடையாளத்துக்கு எள் ஒட்டினோம், எள்ளெல்லாம் வெந்நீரோடு போய்விட்டது. தட்டு முதலில் வாத்தியாரிடம் போனது. அவர் ஓர் உருண்டையை வாயில் போட்டு நிதானமாக மென்றார். கண்ணில் நீர் கோத்தது, முகம் மட்டும் மாறவில்லை. "நல்லா வந்திருக்கு, எல்லாரும் எடுத்துக்கோங்க" என்றார். அன்று மிளகாய் கடிக்காத பிள்ளை நம் வகுப்பில் இல்லை.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும், இது நீங்கள் போன பிறகு நடந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையானதைத் தொடர்ந்து பல குடும்பங்கள் மூட்டை கட்டின. படகில் ஆற்றைக் கடந்து மர்தபான், அங்கிருந்து ரயிலில் ரங்கூன், பிறகு கப்பல். எங்களுக்கு அந்தப் பூகோளம் தெரியாது. கப்பல் நம் ஊர் ஆற்றில்தான் திரும்பும் என்று எவனோ சொல்ல, மாலை வகுப்புக்கு முன் ஆற்றங்கரைச் சாலையில் வரிசையாக நின்று, போகிற வருகிற படகுக்கெல்லாம் கையசைத்தோம், உங்கள் பெயர்களைக் கத்தினோம். மீன்பிடிப் படகுக்காரர்கள் பதிலுக்குத் துண்டை வீசிக் காட்டுவார்கள். இருட்டும்வரை நிற்கவிட்டு, பிறகு வாத்தியாரே வந்து அழைத்துப் போவார். அந்த நாட்களில் தாமதமாக வந்ததற்கு அவர் யாரையும் கேட்கவில்லை.

பலகையைத் தூக்கிய நாலு பேரில் இருவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். அடுத்த மலரில் உங்கள் பங்கை எழுதுங்கள். டீக்கடையை இப்போது அந்தக் கடைக்காரரின் மகள் நடத்துகிறார், அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர். எழுதி அனுப்பினால் நானே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுகிறேன்.