வில்வக்காய் ப்ராஜெக்ட்: எலிக்கூண்டு வரை போய்ச் சேர்வதற்குள்

எம்.ஃபார்ம் பார்மகாலஜி ப்ராஜெக்டுக்கு வில்வக்காயை எடுத்தேன். வயிற்றுப்போக்குக்குப் பிஞ்சு வில்வக்காயைக் காயவைத்துக் கஷாயம் போடும் வழக்கம் சரிதானா என்று எலியில் பார்க்க வேண்டும். சோதனை சுலபம். அதற்கு முன்னால் இருப்பதுதான் ஆளைக் கொன்றுவிடும்.

முதல் அடி நாட்டு மருந்துக் கடையில் விழுந்தது. பிஞ்சுதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லி வாங்கிய வற்றலைத் இது இன்ன சரக்குதான் என்ற சான்றுக்குத் தாவரவியல் மேடத்திடம் நீட்டினேன். ஒரு துண்டை உடைத்துக் காட்டினார்: உள்ளே செம்மஞ்சள் நிறம், இனிப்பு வாசனை. அத்தனையும் பழம்! பிஞ்சில் துவர்ப்பு, அது பேதியைக் கட்டும். பழமோ மலத்தை இளக்கும். நேர் எதிரான சரக்கு. திருப்பிக் கேட்டால் கடைக்காரர், "எல்லாம் ஒரே மரந்தாம்மா" என்கிறார். நோயாளிக்கும் இதையேதானே கொடுப்பார்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

தயவுசெய்து கடைச் சரக்கில் ஆய்வைத் தொடங்காதீர்கள். எங்கள் மாமா தோப்பு மரத்தில் நானே நின்று பறித்தேன். பிஞ்சை வெட்டினால் சதை வெளிறி இருக்கும், விதையைச் சுற்றிக் கோந்து கையில் ஒட்டும், நாக்கில் வைத்தால் வாயே இழுக்கும். இலையும் முள்ளும் காயும் உள்ள கிளையாகக் கொண்டுபோனதால் கோவை பி.எஸ்.ஐ.யில் (இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம்) சான்று சிக்கலில்லாமல் கிடைத்தது.

அடுத்தது, விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் குழு. விண்ணப்பப் படிவமான ஃபார்ம் பி-யில் வில்வம் என்றும், சான்றில் அதன் அறிவியல் பெயரான ஏகிள் மார்மெலோஸ் என்றும் இருக்க, "பேரு வேற வேறயா இருக்கேம்மா" என்று அலுவலக உதவியாளர் ஃபைலை மேஜைக்குள் போட்டுவிட்டார். எனக்கும் சொல்லவில்லை, என் கைடுக்கும் சொல்லவில்லை. கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழுவின் பிரதிநிதி வராமல் கூட்டம் நடக்காது. அவர் தேதி கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு போன் செய்திருந்தால் ஒரு செமஸ்டர் வீணாகியிருக்காது. தலைப்பு, படிவம், சான்று மூன்றிலும் ஒரே அறிவியல் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். ஃபைல் கொடுத்ததற்குத் தேதி முத்திரையோடு நகல் கேட்டு வாங்குங்கள்.

கஷாயம் இன்னொரு தொல்லை. கோந்து இறங்கி ஃபில்டர் பேப்பர் அடைத்துக்கொள்ளும். முதலில் மெல்லிய துணியில் வடித்து, பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். இதைச் சொல்லிக்கொடுத்த லேப் அண்ணாவுக்குத்தான் என் முதல் நன்றி.

நச்சுத்தன்மைச் சோதனை ஓஇசிடி 423 என்ற சர்வதேச வழிகாட்டு முறையில், கிலோவுக்கு 2000 மி.கி. அளவில் பிரச்சினையின்றி முடிந்தது. பிறகு விளக்கெண்ணெய்ச் சோதனை: எலிக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதி வரவழைத்து, கஷாயம் அதைக் கட்டுகிறதா என்று பார்ப்பது. எண்ணெயிலிருந்து குடலில் பிரியும் ரிசினோலிக் அமிலம்தான் பேதியை உண்டாக்குகிறது. எலிகளை இரவு முழுக்கப் பட்டினி போடுங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். கூண்டுக்கடியில் விரிக்கும் ஒற்றுத்தாளை முன்பே எடை போட்டுக் குறித்துவையுங்கள். மருந்து தராத கூண்டின் தாள் சொதசொதவென்று நனைந்திருக்க, அதிக அளவு கஷாயம் கொடுத்த கூண்டின் தாள் ஏறக்குறைய காய்ந்தே கிடந்தது. பேதியை நிறுத்தும் லோபரமைடு மருந்து கொடுத்த கூண்டின் தாளுக்கு ஏறக்குறைய இணையாக வந்த அந்தத் தாளை கைடிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஒன்று கவனியுங்கள். இந்தச் சோதனை முறை கிருமியால் வரும் பேதியைப் பற்றி எதுவும் சொல்லாது. மும்பை ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட கட்டுரைப்படி, வில்வப்பிஞ்சுக் கஷாயம் அவர்கள் சோதித்த பாக்டீரியாக்களைக் கொல்வதில்லை. பாக்டீரியா செல்லில் ஒட்டுவதையும் காலரா நஞ்சு உருவாவதையும் குறைக்கிறது. நுண்ணுயிரியல் லேப் வசதி இருந்தால் அதையும் திட்டத்தில் சேருங்கள். அதற்கான வற்றலையும் அதே மரத்தில், அதே பறிப்பில் எடுத்துவையுங்கள். விட்டால் அடுத்த பிஞ்சுக்கு அடுத்த வருஷம்தான்.