ஓடிக்கொண்டிருக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கை விலான்களாகப் பிரித்தது

கம்ப்யூட்டர், ஐபி போன், கேமரா, விருந்தினர் வைஃபை எல்லாமே 192.168.0.0/23 என்ற ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதியில்) கிடந்தன. யாராவது ஒரு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து செருகிவிட்டால் போதும், அதன் டிஎச்சிபி (தானாக ஐபி முகவரி வழங்கும் சேவை) ஆபீஸ் முழுக்க முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். விலான்களாக, அதாவது அதே சுவிட்சுகளிலும் கேபிள்களிலும் ஓடும் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்தே ஆக வேண்டிய நிலை. பணியாளர் விலான் 10, போன் 20, கேமரா 30, விருந்தினர் 40, சுவிட்ச் நிர்வாகம் 99. சப்நெட்டின் மூன்றாவது எண்ணை விலான் எண்ணாகவே வைத்தோம்: விலான் 30 என்றால் 10.10.30.0/24. ஐபியைப் பார்த்ததும் அது எந்த விலான் என்று தெரிந்துவிடுவது பின்னால் பெரிய உதவி.

சுவிட்சைத் தொடும் முன்பே டிஎச்சிபி லீஸை, அதாவது வாங்கிய முகவரி செல்லுபடியாகும் காலத்தைக் குறைத்தாக வேண்டும். விண்டோஸ் சர்வரில் அது வழக்கமாக 8 நாள். அணைக்காமல் ஓடும் கம்ப்யூட்டர் பாதி லீஸ் கழிந்த பிறகுதான் புதுப்பிக்கக் கேட்கும். அதாவது, இன்று காலை முகவரி வாங்கிய அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு நீங்கள் 1 மணி நேரமாகக் குறைத்த விஷயம் 4 நாள் கழித்துத்தான் போய்ச் சேரும். மாற்றத்துக்கு ஒரு வாரம் முன்பே குறைத்துவிடுங்கள்.

அடுத்தது போர்ட் (சுவிட்சில் கேபிள் செருகும் இடம்) பட்டியல். நடுவில் சிஸ்கோ சுவிட்ச், மாடிகளில் எச்பி புரோகர்வ் சுவிட்சுகள். சிஸ்கோவில் ட்ரங்க் என்றால் பல விலான்களைச் சுமக்கும் போர்ட். புரோகர்வில் ட்ரங்க் என்றால் பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டுவது. அதனால் பட்டியலில் அந்தச் சொல்லையே எழுதவில்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டே கட்டம்: டேக் (எந்த விலான் என்று சொல்லும் குறி) இல்லாமல் போகும் விலான் எது, டேக்கோடு போகும் விலான்கள் எவை. முதல் கட்டத்தில் ஒரே ஒரு எண்தான் வரலாம். கேபிளின் இரு முனைகளிலும் அந்த எண் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒரு முனையில் 1, மறு முனையில் 99 என்று இருந்தால் விளக்கு எரியும், போர்ட்டும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் ஒரு விலானின் போக்குவரத்து இன்னொன்றுக்குள் போய் விழும்.

சிஸ்கோவில் ஏற்கெனவே 10, 20 போகும் போர்ட்டில் 30ஐச் சேர்க்கும்போது 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்டு விலான் ஆட் 30' என்று கொடுக்க வேண்டும். 'ஆட்' விட்டுப்போனால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் நிற்கும்; மாடி முழுக்க இணைப்பு போய்விடும், உங்கள் இணைப்பும் சேர்ந்தே போகும். தூரத்திலிருந்து வேலை செய்யும்போது முதலில் 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுங்கள். தொடர்பு அறுந்தால் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகி, சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழுந்து வரும். எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்', அதன் பிறகே சேமிப்பு.

போர்ட்டை மாற்றிய பிறகு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஎச்சிபி கிடைக்கவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் கையால் 10.10.10.200 போட்டு, நடு சுவிட்சில் விலான் 10இன் கேட்வேயான (வெளியே போகும் வாசல்) 10.10.10.1ஐ பிங் செய்யுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று சோதியுங்கள். பதில் வராவிட்டால் நடு சுவிட்சின் மேக் டேபிளை (எந்தச் சாதனம் எந்த போர்ட்டில், எந்த விலானில் என்ற பட்டியல்) பாருங்கள். லேப்டாப்பின் மேக் முகவரி விலான் 10இல் தெரியவில்லையா? வழியில் ஏதோ ஒரு போர்ட்டில் 10 விட்டுப்போயிருக்கிறது, அல்லது அந்த விலானே உருவாக்கப்படவில்லை. சிஸ்கோவில் 'இன்டர்ஃபேஸ் விலான் 10' கொடுத்தால் மட்டும் விலான் உருவாகிவிடாது. தனியாக உருவாக்க வேண்டும்.

பிங் வருகிறது, முகவரிதான் வரவில்லை என்றால் டிஎச்சிபி ரிலேவைப் பாருங்கள். டிஎச்சிபி கேட்பது பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் பொதுவாக அனுப்புவது), விலானைத் தாண்டாது. ரிலேதான் அதை சர்வருக்குக் கொண்டுபோகும். பலர் கோட்டைவிடும் இடம், திரும்பி வரும் வழி. சர்வரின் பதில் 10.10.10.1க்கு வர வேண்டும். சர்வரின் கேட்வேக்கு அந்த சப்நெட் எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் பதில் தொலைந்துபோகும். ஃபயர்வாலிலும் இதே கதை: திரும்பும் ரூட் போடாவிட்டால் உள்ளே எல்லாம் வேலை செய்யும், இன்டர்நெட் மட்டும் வராது.

பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டருக்குப் போர்ட்டை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். நடுவில் சின்ன சுவிட்ச் இருந்தால் அதற்குப் பின்னாலிருக்கும் கம்ப்யூட்டருக்கு இணைப்பு போய்வந்ததே தெரியாது. கேபிளைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். பிரிண்டர்களில் ஐபியோடு மாஸ்க்கையும் கேட்வேயையும் மாற்றுங்கள்.

ரூட்டிங் சரியாக இருந்தும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டர் வேறு விலானிலிருந்து திறக்காவிட்டால் சுவிட்சை நோண்ட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வாலின் ஃபைல் ஷேரிங் விதி 'லோக்கல் சப்நெட்' (அதே சப்நெட்டுக்கு மட்டும் அனுமதி) என்றிருக்கக்கூடும். முன்பு எல்லாரும் ஒரே சப்நெட்டில் இருந்ததால் அது கண்ணில் படவே இல்லை.

கடைசியாக விருந்தினர் விலானுக்குத் தடை விதி. நடு சுவிட்ச் எல்லா விலான்களையும் தாராளமாக இணைத்துவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. உள் சப்நெட்டுகளைத் தடுக்கும் வரிக்கு மேலே, டிஎச்சிபிக்கு யுடிபி 67ஐயும் டிஎன்எஸ்ஸுக்கு (தளப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) யுடிபி, டிசிபி 53ஐயும் அனுமதியுங்கள்; மற்றவற்றை அனுமதிக்கும் வரி தடைக்குக் கீழே.