சூடானால் உதைக்கும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்: பட்டறை நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

4 கியர் ஆட்டோமேட்டிக் செடான், பெட்ரோல், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் வகை. ஓட்டம் 1,18,000 கி.மீ. வண்டிக்காரர் சொன்ன குறை ஒரே வரி: "கியர் மாறும்போது உதைக்குது."

இந்த ஒரு வரியை நம்பி கியர் பாக்ஸை இறக்கக் கூடாது. எப்போது உதைக்கிறது என்பதில்தான் பாதி விடை. காலையில் ஆறிய இன்ஜினோடு ஓட்டியபோது 1-2, 2-3 கியர் மாற்றங்கள் இரண்டும் தெரியாமல் நடந்தன. ஆனால் நின்ற இடத்தில் நியூட்ரல் எனும் என்-இலிருந்து டிரைவ் எனும் டி-க்குத் தள்ளினால் 'டம்' என்று ஓர் அடி. முக்கால் மணி நேரம் நெரிசலில் ஓட்டிய பிறகு கதையே வேறு. ஒவ்வொரு கியரும் முதுகில் அறைந்தாற்போல் விழுந்தது. பத்து நிமிடம் அப்படி, பிறகு தானாகச் சரியானது, மறுபடி வந்தது. ஆக, குறை இரண்டு. தனித்தனியாகத்தான் துரத்த வேண்டும்.

ஜூன் 4, புதன்

முதலில் ஆயில். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி பார்க் எனும் பி-யிலிருந்து லோ எனும் எல் வரை ஒவ்வொன்றிலும் இரண்டு விநாடி விட்டு, திரும்ப பி-க்கு வந்து, இன்ஜின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் சூடு 70–80 டிகிரி இருக்க வேண்டும். ஆறிய ஆயிலைப் பார்த்து 'குறையுது' என்று ஊற்றுகிறவர்கள் அதிகம். அளவு கூடினால் உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். குமிழி கலந்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. இதில் அளவு சரி. சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது, ஆனால் கருகல் வாடை இல்லை. கிளட்ச் பிளேட் எரிந்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும்.

அடுத்து அந்த 'டம்'. ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டும் போட்டு, வண்டிக்கு முன்னும் பின்னும் யாரையும் நிற்க விடாமல், பானெட்டைத் திறந்து வைத்து என், டி, ஆர் (ரிவர்ஸ்) என்று மாற்றினோம். இன்ஜின் இரண்டு விரல் கனத்துக்கு எழும்பி விழுந்தது. இன்ஜினைத் தாங்கும் பின்பக்க மவுண்டில் ரப்பர் இரும்பை விட்டுப் பிய்ந்திருந்தது. வேக்குவம் ஹோஸ் எனும் இன்ஜின் உறிஞ்சு குழாய் ஒன்றில் வெடிப்பு. அதனால் ஆக்சிலேட்டரைத் தொடாதபோது நிமிடத்துக்கு 700 சுற்றில் நிற்க வேண்டிய ஐடில் 950. மவுண்டும் ஹோஸும் புதிது போட்டதும் அந்த அடி போய்விட்டது. சூட்டில் வரும் உதை அப்படியே இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

ஸ்கேனரில் பெண்டிங் கோட் ஒன்று, அதாவது எச்சரிக்கை விளக்கு எரியும் அளவுக்கு இன்னும் உறுதியாகாத கோளாறுப் பதிவு: பி0748. ஆயில் அழுத்தத்தை மின்சாரத்தால் கட்டுப்படுத்தும் வால்வான பிரஷர் கன்ட்ரோல் சாலினாய்டின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவோடு ஓட்டினால் ஆயில் சூடு 80-ஐத் தாண்டியபின்தான் உதை தொடங்குகிறது.

இந்த சாலினாய்டு வேலை செய்யும் விதம் தெரிந்தால் மீதி புரியும். இதற்கு மின்னோட்டம் கூடக் கூட ஆயில் அழுத்தம் குறையும். மின்சாரம் அறுந்தால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் கிளட்ச் வழுக்கி எரிந்துவிடும். கூடினால் உதைக்கும், ஆனால் பிளேட் பிழைக்கும். அந்த உதைதான் இந்தக் கியர் பாக்ஸை இவ்வளவு நாள் காப்பாற்றியிருக்கிறது.

கியர் பாக்ஸின் வெளிக் கப்ளரில் (வயர் இணைப்பில்) மல்டிமீட்டர் வைத்ததில் காலையில் 5.3 ஓம், சரியான அளவு. ஓட்டிவிட்டு வந்து 85 டிகிரியில் 6.4. இதைப் பார்த்து சாலினாய்டு போச்சு என்று முடிவு கட்டக் கூடாது. செம்புக் கம்பி சூட்டில் அந்த அளவு ஏறுவது இயல்பு. மீட்டரை எடுக்காமல் காத்திருந்தோம். நான்காவது நிமிடத்தில் ஓப்பன், அதாவது சுற்று அறுந்துவிட்டது. கப்ளரின் வெளிப்பக்கத்தைச் சுத்தம் செய்து அசைத்துப் பார்த்தும் மாற்றமில்லை. அறுந்திருப்பது உள்ளே.

ஜூன் 9, திங்கள்

டிரெயின் போல்ட், பேன் (கியர் பாக்ஸின் அடித்தட்டு) இரண்டிலும் சேர்த்து 3.2 லிட்டர் ஆயில் இறங்கியது. பேன் காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு, கட்டை விரலால் வழித்தால் நெருநெருப்பு இல்லை. இது தேய்மானத்தில் சேர்வது. ஊசி போன்ற இரும்புச் சீவல் கிடைத்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி, கியர் பாக்ஸைப் பிரிப்பது பற்றி வண்டிக்காரரிடம் பேசியிருக்க வேண்டும்.

சாலினாய்டைக் கழற்றி, 21 வாட் பல்பைத் தொடரில் சேர்த்து பேட்டரியைத் தொட்டோம். வால்வு நன்றாகவே நகர்ந்தது. பல்பு இல்லாமல் நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் 5 ஓம் சுருள் கருகிவிடும். நல்ல சாலினாய்டுகள் பல இப்படிச் சோதனையிலேயே செத்திருக்கின்றன.

குறை உள் வயரிங்கில் இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாக விரலில் வளைத்தபோது மற்றவை வில் போல வளைந்தன. சாலினாய்டுக்குப் போகும் வயர் மட்டும் டெர்மினலுக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி, உள்ளே எலும்பு முறிந்த மாதிரி ஒரே இடத்தில் மடிந்தது. மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு அறுந்திருந்தது. ஆறியபோது முனைகள் தொட்டுக்கொண்டிருந்தன, சூட்டில் விலகின. ஒட்டுப் போடுவதில் அர்த்தமில்லை. கொதிக்கும் ஆயிலில் மற்ற வயர்களும் அதே வயது. உள் வயரிங் முழுவதும் புதிது. ஆயில் சூட்டைக் காட்டும் சென்சார் அதிலேயே சேர்ந்து வருகிறது. கூடவே ஓ-ரிங், ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், பேன் கேஸ்கட்.

கேஸ்கட்டில் சிலிக்கான் பூச வேண்டாம். பிதுங்கிய துணுக்கு உதிர்ந்தால் ஸ்ட்ரெய்னரில்தான் போய் அடைக்கும். பேன் போல்ட்டுகள் சுமார் 8 நியூட்டன் மீட்டர், குறுக்கும் நெடுக்குமாக. அழுத்தி முறுக்கினால் பேன் விளிம்பு வளைந்து ஒழுகும்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டியின் புத்தகம் சொல்லும் ரகத்திலேயே புது ஆயில் 3.2 லிட்டர். மொத்தக் கொள்ளளவு 6.4 என்பதால் பாதிதான் மாறியது. மீதி டார்க் கன்வர்ட்டரில் நிற்கிறது. இன்னொரு முறை இறக்கி ஊற்றினால் முக்கால் பங்கு புதிதாகும், மூன்றாவதில் 87 சதவீதம். மெஷின் வைத்து ஒரேயடியாக ஃப்ளஷ் செய்வதைவிட, இவ்வளவு ஓடிய வண்டிக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஸ்கேனரில் கோட் அழித்து, கியர் பாக்ஸ் பழகிவைத்திருந்த அளவுகளையும் ரீசெட் செய்தோம். அதன்பின் லேசான ஆக்சிலேட்டரில் நின்ற நிலையிலிருந்து டாப் கியர் வரை பத்துப் பதினைந்து தடவை. முதல் சில தடவை மாற்றம் கரடுமுரடாக இருக்கும், பதற வேண்டாம்.

ஜூன் 14, சனி

வண்டிக்காரர் நான்கு நாளில் 310 கி.மீ. ஓட்டிக் கொண்டுவந்தார். பெண்டிங் கோட் இல்லை. நண்பகல் நெரிசலில் ஆயில் சூடு 92 வரை போயும் 2-3 அமைதி. பேன் விளிம்பில் கசிவில்லை. இரண்டாவது 3.2 லிட்டர் இன்று மாற்றியாயிற்று. மூன்றாவது 1,000 கி.மீ. கழித்து.