வலை காயும் இடத்தை வரைபடத்தில் ஏற்றிய கதை

எங்கள் குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பது நான் ஒருத்திதான். அதனால்தான் அந்த வரைபடம் என்னிடம் வந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் நாலு பேர் பென்டிரைவோடு வந்து, "இதைப் பெருசா அடிச்சுக் குடும்மா, சி.ஆர்.இசட். மேப்பாம், ஆட்சேபணை இருந்தா எழுதித் தரணுமாம்" என்றார்கள். சி.ஆர்.இசட். என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கரையோரம் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் சட்டம். கருப்பு வெள்ளையில் அடித்தேன். ஒன்றும் விளங்கவில்லை, ஏனென்றால் எல்லாமே நிறக் கோடுகள். டவுனுக்குப் போய் பெரிய தாளில் கலரில் எடுத்து வந்தோம்.

அப்போதும் தலை சுற்றியது. 1:25,000 அளவு வரைபடம் அது. ஒரு சென்டிமீட்டர் என்றால் 250 மீட்டர். கடல் ஏறி வரும் எல்லையிலிருந்து கட்டடம் கூடாது என்று விடும் 50 மீட்டர் என்பது தாளில் வெறும் 2 மில்லிமீட்டர். எங்கள் ஊர் என் கட்டைவிரலுக்கு அடியில் மறைந்துவிட்டது. வலை காயும் மணல், கருவாட்டுக் களம், ஏலக்கூடம், வடக்கே இருக்கும் மணல் மேடு, எதுவுமே இல்லை. காலியிடம்.

பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "அப்போ வலையைத் தலையிலயா காயப் போடுறோம்?" என்றார்.

சட்டத்தைப் படிக்கத்தான் நாளானது. முதல் அறிவிக்கை 1991, அடுத்தது 2011, இப்போது நடப்பில் இருப்பது 2019. ஊரகக் கடற்கரையில் முன்பு கடல் ஏறி வரும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது என்பது பொதுவிதி. 2019-இல் ஒரு பிரிவினை வந்தது. 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர் என்றால் 50 மீட்டர் மட்டும்தான். அதற்குக் குறைந்தால் பழைய 200. அந்த 50 மீட்டரும் முறையாகக் கருத்துக் கேட்டு, இந்த வரைபடம் அடங்கிய கடற்கரை மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகுதான் செல்லும், அதுவரை 200-தான். அதே அறிவிக்கையின் இணைப்பில், மீனவர்களின் பொது இடங்கள், மீன் காயும் களங்கள் எல்லாவற்றையும் சர்வே எண் தெரியும் பெரிய அளவு வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஆனால் ஊரில் எல்லாரும் உடனே சரி சொல்லவில்லை. "வீடு கட்ட விடாத சட்டத்துக்கு நாமளே கை தூக்கணுமா?" என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு அறையில் குடித்தனம். 50 மீட்டர் போதும் என்றால் அவன் வீட்டுக்கு இடம் கிடைக்கலாம். அதே இடம் விடுதி கட்ட வருகிறவனுக்கும் கிடைக்கும், அவன் கையில் காசு அதிகம். இதைச் சொல்லித்தான் அவனைச் சமாளித்தேன். முழுசாக ஒத்துக்கொண்டான் என்று சொல்ல மாட்டேன். மீனவர்களின் வருங்கால வீட்டுத் தேவைக்கும் அரசு திட்டம் போட வேண்டும் என்று அதே இணைப்பில் இருப்பதைக் காட்டிய பிறகு, அதையும் மனுவில் சேர்த்தால் வருகிறேன் என்றான். சேர்த்தோம்.

அப்புறம் நடை. கடலில் பார், அதாவது மீன் கூடும் பாறைத்திட்டு, குறிக்க வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு பெரியப்பாவும் நானும் மூன்று காலைகள் கரையை அளந்தோம். கரைவலை இழுக்கும் இடம், முகத்துவாரம், ஆமை முட்டையிடும் மணல், அடம்பு படர்ந்த மேடு. அந்த மேட்டில் நின்றபோது அவர் சுனாமி நாளைச் சொன்னார். மேட்டுக்குப் பின்னால் இருந்த வீடுகள் தப்பித்தனவாம். லாரிப் பாதைக்காக வெட்டிய இடத்தில்தான் தண்ணீர் உள்ளே புகுந்ததாம்.

கடைக்கு வந்து கணினியில் ஏற்றினால், எங்கள் புள்ளிகள் அத்தனையும் பல மைல் தள்ளி யாருடைய வயலிலோ விழுந்தன. கருவி டிகிரியும் நிமிடமுமாகக் காட்டியதை நான் தசமப் புள்ளி வைத்து அப்படியே அடித்திருந்தேன். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இதை முதலில் சரிபாருங்கள். தப்பான புள்ளியோடு மனு போனால் அந்த ஒன்றைக் காட்டியே மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் சர்வே எண், புள்ளி, ஒரு புகைப்படம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊருக்கு இரண்டு நிமிடம் என்றார்கள். பெரியப்பா மைக்கைப் பிடித்து இடங்களின் பெயரை மட்டும் வரிசையாகச் சொன்னார், வேறொன்றும் பேசவில்லை. மனுவை வாங்கிய அலுவலர் ஒப்புகைச் சீட்டு தர யோசித்தார். சீல் வைக்கும் வரை நான் மேசையை விட்டு நகரவில்லை.

திருத்திய வரைபடம் பின்னால் வந்தது. வலைக் களமும் ஏலக்கூடமும் ஏறியிருந்தன. மணல் மேடு பாதிதான் இருந்தது. வடக்குப் பாதி எங்கே போனது, கள ஆய்வுக் குறிப்பு உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டிக் கேட்டிருக்கிறேன். 30 நாள் கெடு. இன்றோடு 19 நாள்.