கையெழுத்துப் போடும் முன் வரைபடத்தைக் கேளுங்கள்

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் கருத்தையும் கேட்கப் போவதாக எங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அது கைக்கு வந்தது மாலையில், கூட்டமோ மறுநாள் காலையில். இடம் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது.

"ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிடலாம் சார்" என்றார் வாசலில் நின்ற ஊழியர். நான் என்ன அரிசி மூட்டையா? கீழேயே இருந்துவிட்டேன். மேலே போனவர்கள் டீ குடித்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார்கள். வரைபடத்தை யாரும் காட்டவில்லை. காது கேளாத எங்கள் உறுப்பினர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரும் இல்லை. பிறகு கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், 'சங்கப் பிரதிநிதிகள் திட்டத்தை ஏற்றுக்கொண்டனர்' என்று எழுதியிருக்கிறார்கள். வயிறு எரிந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், பக்கத்திலேயே 'வரைபடம் காட்டப்படவில்லை' என்று எழுதிப் போடுங்கள். அதைப் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் கேட்டுப் பொறியாளரிடம் போனால், "டெண்டர் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். டெண்டர் விடும் சமயத்தில் போனால், "எஸ்டிமேட் போயாச்சு சார், இனிமே மாத்த முடியாது." கடைசியில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். நகல் வந்தது, ஆனால் ஏ4 தாளில் சுருக்கி. ஓர் அளவையும் படிக்க முடியவில்லை. அதனால் நகல் மட்டும் கேட்காதீர்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் அதே சட்டத்தில் உரிமை உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

முழு அளவு வரைபடம் கிடைத்த பிறகுதான் விஷயமே வெளியே வந்தது. ஒன்றரை அடி உயர மேடைக்கு ஆறடி நீளத்தில் ராம்ப்! அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அப்படியென்றால் பதினெட்டு அடி வேண்டும். ஆறடி ராம்பில் ஏறினால் சக்கர நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறக்கிறது. உள்ளே போனவர் நாற்காலியோடு கதவைச் சாத்தவே முடியாது.

பார்வையற்ற அண்ணன் ஒருவர், "எனக்கும் காட்டுங்கப்பா" என்றார். வரைபடத்தின் கோடுகள் மேல் பசை தடவிச் சணல் நூலை ஒட்டினோம், தூண் இருக்கும் இடங்களில் பொத்தான்கள். தொட்டுணரும் டைல்ஸ் பாதையை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க தூண்ல முட்டுது" என்றார். அதுவரை பார்வையுள்ள எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

அடுத்தது மனு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-லேயே ஏற்றது, அதன் 4(3) பிரிவு எங்கள் அமைப்புகளைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது என்று எழுதியதை யாரும் சட்டை செய்யவில்லை. வேலை செய்தது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 44. அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்கு அனுமதி கிடையாது, கட்டி முடித்தாலும் நிறைவுச் சான்றிதழ் கிடையாது. கூடவே, அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னதையும் இணைத்தோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். ரசீது இல்லாமல் எந்த மனுவும் கொடுக்காதீர்கள்.

மறு கூட்டம் தரைத்தளத்தில் நடந்தது. இந்த முறை தலைவரை மட்டும் அனுப்பவில்லை. சால்வை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள் என்பது தெரிந்த கதைதான். சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. முடிந்தவரை எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் திரட்டினோம், பெண்களையும் சேர்த்து. நூல் ஒட்டிய தாளை மேசையில் விரித்ததும் பொறியாளர் எழுந்து வந்து பார்த்தார். ராம்ப் பதினெட்டு அடியானது, டைல்ஸ் பாதை விலகியது, கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். காது கேளாதவர்களுக்கான அறிவிப்புத் திரை மட்டும் 'அடுத்த கட்டத்தில்'. அந்தக் கட்டம் எப்போது என்று எழுதித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம்.

இப்போது தளம் போடுகிறார்கள். காகிதத்தில் திருத்தியது மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். வேலை நடக்கும் நாட்களில் எங்களில் ஒருவர் டேப்போடு அங்கே போய்விடுகிறார்.