பின்வரிசை: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

26 ஒக்டோபர் 2018, வெள்ளி

இந்தியக் கால்பந்து லீக்கான ஐ-லீக் இன்று தொடங்கியது. கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் சென்னை சிட்டி, இந்தியன் அரோஸ் அணியை 4-1 என்று வென்றது. உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி என்பவர் மட்டும் மூன்று கோல்கள் அடித்தார். ஆட்டம் முடிந்த பிறகு மாமா மதிலுக்கு அப்பாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். மகிந்த பிரதமராகச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டாராம், உடனே செய்திக்கு மாற்றச் சொன்னார். அப்பா ரிமோட்டைக் கொடுக்கவில்லை. “மான்சி அடிச்ச மூன்டையும் திருப்பித் திருப்பிக் காட்டுறாங்க. நம்மட ஆக்கள் அந்த ஒரு கோலை எப்படி விட்டாங்க என்டு காட்டல்லையே மனே” என்று திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

28 ஒக்டோபர்

அப்பா புதிய கொப்பி ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துப் பதினொரு அணிகளுக்கும் கோடு போட்டார். ஒவ்வோர் அணிக்கும் இருபது ஆட்டங்கள். மற்றவர்கள் புள்ளிகளுக்கான நிரலை முதலில் போடுவார்கள். அவர் ‘வாங்கிய கோல்கள்’ என்ற நிரலைத்தான் முதலில் போட்டார். இளமையில் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் வெறுங்காலோடு பின்வரிசையில் நின்று ஆடியவர். வலது முழங்காலுக்குக் கீழே, வெற்றிலைக் காம்பு அளவில், ஒரு வெளிறிய தழும்பு இருக்கிறது. கோடு போடும்போது இடது கை தானாக அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

13 நவம்பர், செவ்வாய்

கொல்கத்தாவில், ஈஸ்ட் பெங்கால் அணியின் சொந்த மண்ணில், 2-1 வெற்றி. பாராளுமன்றத்தைக் கலைத்ததற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் இன்றுதான் என்பதால், தெருவில் வெடித்த வெடிகள் எதற்காக என்று அம்மா கேட்டார். இரண்டுக்கும்தான் என்றார் அப்பா. சோறு மட்டும் பாதியிலேயே நின்றுவிட்டது.

16 நவம்பர்

கஜா புயல் நாகப்பட்டினம் பக்கம் கரையைக் கடந்துவிட்டது. இங்கே மழை. டிஷ்ஷில் சிக்னல் இல்லை.

9 டிசம்பர்

அப்பாவின் பரிசோதனையில் அளவு மறுபடியும் கூடியிருக்கிறது. வைத்தியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரே தவிர, எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லடிப் பாலத்தில் வரும்போது அப்பா ஓட்டோக்காரரை மெதுவாகப் போகச் சொல்லி வாவியைப் பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைக் கொப்பிக்குள் வைத்துவிட்டுச் சென்னை சிட்டியின் புள்ளிகளைக் கூட்டத் தொடங்கினார்.

15 ஜனவரி 2019, தைப்பொங்கல்

ஈஸ்ட் பெங்காலை இந்தப் பருவத்தில் இரண்டாவது தடவையும் வென்றுவிட்டார்கள். நேற்று இரவு அந்தச் செய்தியைச் சொன்னபோது, படுக்கையிலிருந்து எழும்பி உட்கார்ந்து கொப்பியைக் கேட்டார். அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் தொடங்கிய இந்தக் கழகத்துக்கு, சென்னை என்ற பெயர் இருந்தும் ஆடுவதற்குச் சென்னையில் இடமில்லாமல் கோயம்புத்தூருக்குப் போக நேர்ந்தது. போன பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதியில் தடுமாறிய அணியை, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பந்தைத் தரையில் வைத்துப் பொறுமையாக ஆடும் அணியாக மாற்றியிருக்கிறார். எட்வின் சிட்னி வான்ஸ்போல், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் ஸ்பானியர்களோடு சேர்ந்து பந்தைக் கைமாற்றுவதைப் பார்க்கும்போது, வெபர் மைதானத்து மண்ணில் தன்னோடு ஆடியவர்களின் பெயர்களை அப்பா ஒவ்வொன்றாகச் சொல்வார். சொன்ன பெயர்களில் பாதிப்பேர் இன்றில்லை. அவர்களைப் பற்றி நான் மேற்கொண்டு கேட்பதில்லை.

பொங்கல் பானை கிழக்குப் பக்கம் பொங்கியது என்று அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டார்.

22 ஜனவரி

அதிகாலை இரண்டு மணிக்கு வான் வந்தது. சின்னண்ணா கூடப் போகிறார். சிகிச்சைக்குப் போகும் ஊர் கோயம்புத்தூர் என்று முடிவானதற்கும் ஆட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, ஆனால் அப்பா அப்படி நினைக்கவில்லை. கொப்பியை என் கையில் தந்து, “வாங்கின கோலை மறக்காம எழுது. மறுகா வந்து பார்ப்பன்” என்றார்.

3 பெப்ரவரி

அறையின் யன்னலிலிருந்து மைதானம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சின்னண்ணா சொன்னார்.

11 பெப்ரவரி

எல்லா ஆட்டங்களும் தொலைக்காட்சியில் வருவதில்லை. ஒரு தேசிய லீக்கின் ஆட்டத்தைக் கைப்பேசியில் எழுத்தாக மட்டும் படிப்பது எவ்வளவு வேதனை என்பதை, படித்தவர்கள்தான் அறிவார்கள். ‘நிமிடம் 61, கோல்’ என்று வருகிறது. யார் விட்டது, எந்தப் பக்கத்தால் பந்து வந்தது, பின்வரிசையில் இருவருக்கும் இடையில் எவ்வளவு வெளி இருந்தது என்பது எதுவும் வருவதில்லை. அப்பா கேட்பதோ அதை மட்டும்தான். மருத்துவமனையிலிருந்து வரும் செய்தியும் இப்படித்தான் இருக்கிறது: ஓர் எண், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

18 பெப்ரவரி

புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு மினர்வா பஞ்சாப் அணி ஸ்ரீநகருக்குப் போகவில்லை. ரியல் காஷ்மீர் வீரர்கள் தங்கள் மைதானத்தில் தனியே நிற்கும் படத்தைப் பார்த்தேன். எதிரணி வராத மைதானம் எப்படியிருக்கும் என்பது மட்டக்களப்பில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். போட்டி இருக்கும் என்று நம்பிப் போய், வீதி மூடப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பிய நாட்களை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

28 பெப்ரவரி

ஈஸ்ட் பெங்கால் – ரியல் காஷ்மீர் ஆட்டத்தை டெல்லிக்கு மாற்றி நடத்தினார்கள். ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டது. 36 புள்ளிகள், இன்னும் இரண்டு ஆட்டங்கள். நமக்கு 40. நாளை வென்றால் கிண்ணம் நமக்கு. நாளை மறுநாள் அப்பாவுக்கு அறுவை.

1 மார்ச், வெள்ளி

சேர்ச்சில் பிரதர்ஸ் 3, சென்னை சிட்டி 2.

ஒரே ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் மூன்று கோல்களை வாங்கியிருக்கிறார்கள். கொப்பியில் அந்த 3ஐ எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணா அப்பாவிடம் பொய் சொல்லலாமா என்று கேட்டார், நான் வேண்டாம் என்றேன். பின்வரிசைக்காரருக்குப் பொய்க் கணக்குக் காட்ட முடியாது. கேட்டுவிட்டு அப்பா இரண்டு நிமிடம் பேசவில்லையாம். பிறகு, “முன்னுக்கு நிக்கிறவன் தவறவிட்டா இன்னொருக்கா அடிக்கலாம், பின்னுக்கு நிக்கிறவனுக்கு இன்னொருக்கா இல்ல” என்றாராம்.

2 மார்ச்

ஆறரை மணி நேரம். முடிந்தது. இன்னும் கண் திறக்கவில்லை.

3 மார்ச்

கண் திறந்தார். ஈஸ்ட் பெங்கால் மினர்வாவை வென்றது: 40, 39. ஒரே ஒரு புள்ளி.

6 மார்ச்

காய்ச்சல் என்கிறார்கள். அம்மா மாமாங்கக் கோயிலுக்குப் போய் வந்தார். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாம் வென்றால் 43, அவர்கள் வென்றாலும் 42தான். நாம் சமன் செய்து அவர்கள் வென்றால் போய்விடும். காலையில் போட்ட கணக்கையே இரவும் போட்டேன். விடை மாறவில்லை.

9 மார்ச், சனி, இரவு 11.20

இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கோயம்புத்தூரில் நாமும் மினர்வாவும், கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவும் ஈஸ்ட் பெங்காலும். மூன்றாவது நிமிடத்திலேயே ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்கு ஒரு கோல் அடித்தார். அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தது தெரியும், அதை நான் குடித்ததாக நினைவில்லை. இடைவேளையில் 0-1. அண்ணா எடுத்து, அப்பாவுக்கு வலி கூடியதால் ஊசி போட்டுவிட்டார்கள், தூங்கப்போகிறார், பின்னால் நிற்கிறோம் என்பதை மட்டும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார் என்று சொன்னார்.

56ஆவது நிமிடத்தில் தண்ட உதை. மான்சி பந்தை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்ற அந்தச் சில விநாடிகளில், எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிப்பது எனக்குக் கேட்டது. அடித்தார், 1-1. அது இந்தப் பருவத்தில் அவருடைய 21ஆவது கோல். ஆனால் கோழிக்கோட்டில் அவர்கள் வென்றால் சமன் நமக்குப் போதாது, கைப்பேசியைத் திருப்பிப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

69ஆவது நிமிடம் கௌரவ் போரா. மேலதிக நேரத்தில் மறுபடியும் கௌரவ் போரா. 3-1. அங்கே பின்தங்கியிருந்த ஈஸ்ட் பெங்கால் திரும்பி வந்து 2-1 என்று வென்றிருந்தது, ஆகவே இந்த இரண்டு கோல்கள் இல்லாவிட்டால் கிண்ணம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43, 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டுக் கழகம்.

போரா தற்காப்பு வீரர். பின்வரிசைக்காரர்.

அண்ணாவை இரண்டு தடவை எடுத்தேன். அப்பா இன்னும் தூக்கம், காய்ச்சல் நூறுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, எழுப்ப வேண்டாம் என்று தாதி சொல்லிவிட்டாராம். அண்ணா, நீங்கள் ஒன்றும் சொல்லிவிட வேண்டாம், காலையில் தொலைபேசியை அப்பாவின் காதில் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். எத்தனை வாங்கினோம் என்றுதான் முதலில் கேட்பார். ஒன்று என்று சொல்லிவிட்டு, அடித்தவரின் பெயரையும் அவர் எங்கே நிற்பவர் என்பதையும் நானே சொல்ல வேண்டும்.